ட்ரிப் ஆகிற எஸ்பிரசோ மெஷினும் சிங்காநல்லூர் பார்ட்ஸ் கடையும்

காலையில் கடை திறந்து மெஷினை ஆன் பண்ணினால் பத்து நிமிஷம் ஒழுங்காக ஓடும். பாய்லர் சூடாகி பிரஷர் முள் மேலே ஏறுகிற நேரம் பார்த்து டப்பென்று மெயின் இறங்கிவிடும். ஃப்ரிட்ஜ், பில் போடுகிற கம்ப்யூட்டர், ஃபேன் எல்லாம் சேர்ந்து நின்றுபோகும். இந்தத் தொல்லையோடு பல்லடத்தில் ஒரு சின்னக் காப்பிக் கடை மாசக்கணக்கில் மாரடித்தது. போன பணம் 21,300 ரூபாய், வராமல் போன வியாபாரம் தனி. கடைசியில் சரியானது 40 ரூபாய் ஓ-ரிங்கில், அதாவது ஒரு சின்ன ரப்பர் வளையத்தில். இடையில் என்ன நடந்தது, எது எதை எப்படிப் பார்க்க வேண்டும் என்று முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பணம் கல்லாவிலேயே இருந்திருக்கும். அதற்காகத்தான் விலாவாரியாக எழுதுகிறேன்.

மெஷின் இத்தாலியில் செய்தது. ஒரே குரூப் (காப்பி இறங்குகிற தலைப்பகுதி), உள்ளே செம்பு பாய்லர், இ61 வகைக் குரூப் ஹெட். ஃபயேமா கம்பெனி 1961-ல் கொண்டுவந்த வடிவம் இது. அந்த வருஷம் வந்த சூரிய கிரகணத்தை வைத்துத்தான் இந்தப் பேர். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் பல கம்பெனிகள் இதே குரூப்பைத்தான் போடுகின்றன. அதனால் கேஸ்கெட் (குரூப்பில் கசியாமல் அடைக்கிற ரப்பர்), ஷவர் ஸ்க்ரீன் (தண்ணியைத் தூவிவிடுகிற சல்லடை) போன்றவற்றுக்கு மெஷின் கம்பெனியையே நம்பியிருக்க வேண்டியதில்லை, அளவு பார்த்து யாரிடம் வாங்கினாலும் பொருந்தும். இந்த ஒரு விஷயத்தைப் பெரிய டீலர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

டீலர் பேரை இங்கே எழுதப் போவதில்லை. மெஷின் விற்கும்போது தினமும் போன் பண்ணினவர்கள், ட்ரிப் ஆகிறது என்று சொன்னதும் ‘டிக்கெட் போட்டிருக்கோம் சார்’ என்று ஒரே பாட்டைப் பாடினார்கள். ஒருவழியாக டெக்னீஷியன் வந்தார். விசிட் சார்ஜ் 3,500. எலிமென்ட்டுக்குப் போகிற ரெண்டு ஒயரையும் கழற்றிவிட்டு ஆன் பண்ணினார். அரை மணி நேரம் ஆகியும் ட்ரிப் ஆகவில்லை. ‘பாத்தீங்களா, எலிமென்ட்தான் போச்சு’ என்று 9,200 ரூபாய்க்குப் புது எலிமென்ட் போட்டார். மறுநாள் காலையில் அதே பத்து நிமிஷம், அதே டப். அப்புறம் தண்ணி லெவல் பார்க்கிற கண்ட்ரோல் பாக்ஸ் என்றார்கள், 8,600. அதையும் மாற்றியாயிற்று, ட்ரிப் மட்டும் நின்றபாடில்லை. கடைசியாக பாய்லரோடு மொத்த அசெம்பிளியும் மாற்ற வேண்டும், 48,000 ஆகும், சரக்கு கப்பலில் வர ரெண்டு மாசம் பிடிக்கும் என்று மெயில் வந்தது. வயிறு எரிந்தது. அதைவிட எரிச்சல், கழற்றின பழைய எலிமென்ட்டைக் கேட்டபோது ‘கம்பெனி பாலிசி, திருப்பித் தர முடியாது’ என்றார்களே, அதில்தான். சண்டை போட்டுத்தான் வாங்க முடிந்தது. காசு கொடுத்து மாற்றுகிற எந்தப் பார்ட்டின் பழசும் உங்களுடையது. வேலை ஆரம்பிக்கும் முன்னாலேயே ‘கழட்டினது எல்லாம் இங்கேயே வச்சிட்டுப் போங்க’ என்று சொல்லிவிடுங்கள். பின்னால் அந்தப் பழைய எலிமென்ட்தான் சாட்சி சொன்னது.

கோயம்புத்தூர் சிங்காநல்லூரில் திருச்சி ரோட்டை விட்டு உள்ளே போகிற சந்தில் ஒரு சின்னக் கடை இருக்கிறது. அண்ணனும் தங்கச்சியும் நடத்துகிறார்கள். அப்பா காலத்தில் மோட்டார் காயில் கட்டின இடம். இப்போது எஸ்பிரசோ மெஷின் பார்ட்ஸ், கொஞ்சம் கிரைண்டர் பிளேடு, போர்ட்டாஃபில்டர் (காப்பித்தூள் போட்டு மாட்டுகிற கைப்பிடி), டேம்பர் (தூளை அழுத்துவது). போர்டுகூடப் பெரிதாக இல்லை. போன் எடுப்பது பெரும்பாலும் அந்த அம்மணிதான். பாய்லர் அசெம்பிளி என்ன விலை என்று கேட்டதற்கு அவர் விலை சொல்லவில்லை. ‘ஏனுங்ணா, பாய்லர் எதுக்குங்க? ஓட்டை உழுந்துருச்சா?’ என்றுதான் முதல் கேள்வி. ட்ரிப் ஆகிற கதையைக் கேட்டதும் அடுத்தது, ‘இறங்கறது எம்.சி.பி-ங்களா, ஆர்.சி.சி.பி-ங்களா?’

இதை டீலர் ஆள் கேட்கவே இல்லை. நம் ஊரில் ரெண்டையும் ட்ரிப்பர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் ரெண்டும் வேறு வேலை. லோடு அதிகமானாலோ ஷார்ட் ஆனாலோ எம்.சி.பி இறங்கும். போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் ஒத்துப்போகாவிட்டால், அதாவது எங்கேயோ எர்த்துக்குக் கசிந்தால் ஆர்.சி.சி.பி இறங்கும். டெஸ்ட் என்று ஒரு சின்னப் பட்டன் இருப்பதுதான் ஆர்.சி.சி.பி. வழக்கமாகப் போடுவது 30 மில்லி ஆம்பியர். 230 வோல்ட்டை 0.03 ஆம்பியரால் வகுத்தால் சுமார் 7,700 ஓம் வரும். கரண்ட் வருகிற லைன் ஒயருக்கும் பாடிக்கும் நடுவில் அந்த அளவுக்குத் தடை குறைந்தாலே போதும், இறங்கிவிடும். அதற்கு ஒரு பார்ட் எரிந்துபோக வேண்டிய அவசியமே இல்லை, நாலு சொட்டு உப்புத் தண்ணி தப்பான இடத்தில் விழுந்தாலே நடக்கும்.

அதற்கடுத்த கேள்விதான் மொத்தக் கதையையும் மாற்றியது. இறங்குவது ஆர்.சி.சி.பி, எலிமென்ட் ஒயரைக் கழற்றினால் ட்ரிப் ஆகவில்லை என்று சொன்னதும், போனை அண்ணன் வாங்கினார். ‘எலிமென்ட்டைக் கழட்டினா பாய்லரே சூடாகாதுங்களே. அப்புறம் ஆவி எங்கிருந்து வரும்? ஆவியால வர்ற கோளாறு அப்ப எப்படித் தெரியும்?’ அவ்வளவுதான். அந்த டெஸ்ட்டில் எலிமென்ட் குற்றவாளி என்று தெரியவே தெரியாது. சூடானால் வருகிற கோளாறா, எலிமென்ட்டாலேயே வருகிற கோளாறா என்று அது பிரித்துக் காட்டாது. அந்த ஒரு டெஸ்ட்டை நம்பித்தான் 9,200 ரூபாய் போயிருந்தது.

‘பக்கத்துல மோட்டார் ரீவைண்டிங் கடை இருக்குங்களா? அங்க மெக்கர் இருக்கும். போய்ப் பாத்துட்டு ரீடிங் அனுப்புங்க. அதுவரைக்கும் எங்ககிட்ட ஒண்ணும் வாங்க வேண்டாம்’ என்று போனை வைத்துவிட்டார். பார்ட்ஸ் விற்கிறவர் வாங்க வேண்டாம் என்கிறார்! போர்வெல்லுக்கும் தறிக்கும் பேர்போன இந்தப் பக்கத்தில் ரீவைண்டிங் கடைக்குப் பஞ்சமே இல்லை, ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் பார்த்துக் கொடுப்பார்கள்.

சாதாரண மல்டிமீட்டர் ஒரு சின்ன பேட்டரி வோல்ட்டில்தான் அளக்கும். கசிவு லேசாக இருந்தால் அதில் எல்லாம் நல்லதாகவே காட்டும். மெக்கர் என்கிற இன்சுலேஷன் மீட்டர் 500 வோல்ட் கொடுத்து அளக்கும், ஒளிந்திருக்கிற கசிவு அதில் மாட்டிக்கொள்ளும். அளக்கிற முறை இதுதான். மெஷின் பிளக்கைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிட வேண்டும், சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. ஸ்டீம் குமிழைத் திறந்து பாய்லர் பிரஷரைச் சுத்தமாக இறக்கிவிட்டுத்தான் மேல் மூடியைக் கழற்ற வேண்டும். எலிமென்ட்டின் ரெண்டு ஒயரையும் கட்டாயம் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் மெக்கரின் 500 வோல்ட் கண்ட்ரோல் பாக்ஸுக்குள் போய் அதைக் காலி பண்ணிவிடும். அப்புறம் எலிமென்ட் முனைக்கும் பாய்லர் உடம்புக்கும் நடுவில் அளக்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் சந்தேகப்படலாம். நல்ல எலிமென்ட் பத்து இருபது மெகா ஓமுக்கு மேலேயே நிற்கும். முனைக்கு முனை சாதா மல்டிமீட்டரே போதும். 1,400 வாட் எலிமென்ட் என்றால் 230-ஐ 230-ஆல் பெருக்கி 1,400-ஆல் வகுங்கள், சுமார் 38 ஓம் வரும். 36-லிருந்து 40 வரை வந்தால் நல்லது, ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே அறுந்திருக்கிறது. கழற்றி வைத்த பழைய எலிமென்ட் மெக்கரில் அம்பது மெகா ஓமைத் தாண்டி நின்றது, ஓமும் 38-க்குப் பக்கத்தில். ஒரு குறையும் இல்லாத எலிமென்ட்டைக் கழற்றிவிட்டு அதே மாதிரி இன்னொன்றைப் போட்டிருக்கிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ரொம்ப நாள் சும்மா கிடந்த மெஷினில், முக்கியமாக மழைக்காலத்தில், எலிமென்ட்டுக்குள் இருக்கிற மாவு ஈரம் இழுத்துக்கொள்ளும். அப்போது மெக்கர் குறைவாகக் காட்டும், ஆன் பண்ணின உடனேயே ட்ரிப் ஆகும். எலிமென்ட்டைக் கழற்றிக் காயவைத்தாலே பல சமயம் சரியாகிவிடும். ஆன் பண்ணின உடனே இறங்குகிறதா, சூடானபின் இறங்குகிறதா என்பதைக் கவனித்துச் சொன்னால் பாதிக் கோளாறு போனிலேயே பிடிபடும்.

ரீடிங் அனுப்பியதும் அம்மணியிடமிருந்து அடுத்த உத்தரவு. மூடியைக் கழற்றி வைத்தபடியே, கையை உள்ளே விடாமல், ஆன் பண்ணி ட்ரிப் ஆகிற வரை பாய்லர் தலையை வீடியோ எடுத்து அனுப்பணும், சத்தம் கேட்கணும், டார்ச் அடிக்கணும். அனுப்பின வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரு ஃபோட்டோவில் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். பாய்லர் உச்சியில் சுண்டுவிரல் உயரத்தில் ஒரு பித்தளை வால்வு, அதன் கழுத்தைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அங்கிருந்து ஒரு வெள்ளைக் கோடு வழிந்து பக்கத்திலிருக்கிற பிரஷர்ஸ்டாட்டின் (பிரஷரைப் பார்த்து எலிமென்ட்டை ஆன், ஆஃப் பண்ணுகிற சுவிட்ச்) ஒயர் முனை வரைக்கும் போயிருந்தது. மூடியைக் கழற்றின டீலர் ஆள் கண்ணிலும் இது பட்டிருக்கும், நின்று பார்க்கத்தான் அவருக்கு நேரமில்லை.

அது வேக்யூம் வால்வு. குக்கர் மூடியில் வெயிட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பின் மேலெழும்பி அடைத்துக்கொள்ளுமே, அதே வேலைதான். பாய்லர் ஆறியிருக்கும்போது உள்ளே இருக்கிற ஊசி கீழே தொங்கும், வழி திறந்திருக்கும். சூடாக ஆரம்பித்ததும் உள்ளே இருக்கிற காற்று அந்த வழியாகப் புஸ்ஸென்று வெளியேறும், கூடவே கொஞ்சம் ஆவி. அழுத்தம் ஏறினதும் ஊசி மேலே தள்ளப்பட்டு ஓ-ரிங்கில் அழுந்தி வழி அடைபடும். மெஷினை அணைத்து ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும். அப்போது ஊசி இறங்கி வெளிக்காற்றை உள்ளே விடும். இது இல்லாவிட்டால் ஸ்டீம் குழாய் பாலை பாய்லருக்குள் உறிஞ்சிவிடும். ஆரம்பத்தில் சில வினாடி புஸ்ஸென்று வருவது சகஜம், பயப்பட வேண்டாம். பிரஷர் முள் ஒரு பாரை (பார் என்பது அழுத்தத்தின் அளவு) தொட்ட பிறகும் சத்தம் நிற்காவிட்டால் ஓ-ரிங் போய்விட்டது என்று அர்த்தம். சத்தமே வராமல் முள் மட்டும் சீக்கிரம் ஏறிவிட்டு, ஸ்டீம் திறந்தால் உடனே விழுந்துவிட்டால், வால்வு மூடினபடியே சிக்கிக்கொண்டது. அங்கே முள் காட்டுவது ஆவியை அல்ல, அடைபட்ட காற்றை.

பல்லடத்து மெஷினில் ஓ-ரிங் இறுகி வெடித்து, அடைக்க வேண்டிய நேரத்திலும் ஆவி கசிந்துகொண்டே இருந்தது. கசிந்த ஆவி குளிர்ந்து சொட்டாகி பிரஷர்ஸ்டாட்டின் முனையில் விழுந்தது. தண்ணியிலிருந்த உப்பு அங்கேயே படிந்து, அதன் வழியாகக் கரண்ட் பாடிக்கு இறங்கியது. ஆறிக் காய்ந்துவிட்டால் கசிவு இல்லை, அதனால் மறுநாள் காலையில் மறுபடியும் பத்து நிமிஷம் ஓடும். எலிமென்ட்டுக்கும் கண்ட்ரோல் பாக்ஸுக்கும் இதில் சம்பந்தமே கிடையாது.

‘முழு வால்வும் இருக்குங்ணா, 1,450. ஆனா ஊசி வளையாம இருந்தா உங்களுக்கு ஓ-ரிங்கே போதும், 40 ரூவா. ஊசியைச் சமமான கண்ணாடி மேல உருட்டிப் பாருங்க, ஆடாம உருண்டுதுன்னா நல்லாருக்கு.’ ஊசி ஆடாமல் உருண்டது.

இந்த ஓ-ரிங் விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் விழுகிற ஒரு குழி உண்டு. கோயம்புத்தூர் பம்புசெட் ஊர், எந்த அளவு ஓ-ரிங்கும் ரெண்டு ரூபாய்க்குக் கிடைக்கும், அங்கேயே வாங்கிப் போட்டால் என்ன என்று தோன்றும். பம்பு கடையில் கிடைப்பது பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர். பாய்லர் 1.1 பாரில் ஓடும்போது உள்ளே சுமார் 122 டிகிரி. அந்தச் சூட்டில், அதுவும் ஆவியில், நைட்ரைல் சீக்கிரமே கல்லாகிவிடும். சிவப்பு சிலிகான் சூட்டைத் தாங்கும், ஆனால் அழுத்தமான ஆவியில் நாளடைவில் சிதைந்துபோகும். பிரவுன் நிற விட்டானை ரொம்ப உசத்தி என்று சொல்லி விற்பார்கள். அது எண்ணெய்க்கும் வறண்ட சூட்டுக்கும் உசத்தி, சாதா ரக விட்டான் ஆவிக்கு அவ்வளவு தோதில்லை. இங்கே வேண்டியது இ.பி.டி.எம் என்கிற ரப்பர். ஆனால் இ.பி.டி.எம்முக்கு வாஸ்லைன், மெஷின் கிரீஸ் போன்ற பெட்ரோலிய சமாச்சாரம் ஆகவே ஆகாது, உப்பிப் போய்விடும். தடவ வேண்டுமென்றால் உணவுத் தரச் சிலிகான் கிரீஸ் மட்டும், அதுவும் விரலில் ஒட்டுகிற அளவு. இதைப் பார்சல் கவர் மேலேயே பேனாவால் எழுதி அனுப்பியிருந்தார்கள்: ‘ஆவி ஓ-ரிங். வாஸ்லைன் போடாதீங்க.’

மாட்டுகிற வேலை அரை மணி நேரம்கூட இல்லை. பாய்லர் முழுசாக ஆறியிருக்க வேண்டும். வால்வைத் திருப்பும்போது, அதைப் பிடித்திருக்கிற பாய்லர் பக்கத்து நட்டை இன்னொரு ஸ்பானரால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் செம்புத் தகடு முறுக்கிக்கொள்ளும். திரெட்டில் இருக்கிற பழைய டெஃப்லான் டேப்பை ஊசியால் கிளறி முழுக்க எடுத்துவிட வேண்டும். ஒரு துணுக்கு பாய்லருக்குள் விழுந்தாலும் என்றைக்காவது ஒரு சின்னத் துவாரத்தை அடைக்கும். திரெட் பி.எஸ்.பி-தான், பம்பு வேலை பார்க்கிற எந்தப் பையனுக்கும் பழக்கம். ஊசியையும் வால்வின் உள்பக்கத்தையும் எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீரில் கால் மணி நேரம் போட்டால் உப்பெல்லாம் கரைந்துவிடும். நன்றாகக் கழுவி, புது ஓ-ரிங் போட்டு, டேப் மூணு நாலு சுற்று சுற்றி முறுக்கினால் முடிந்தது. பிரஷர்ஸ்டாட்டின் முனைகளில் பூத்திருந்ததைப் பல் விளக்கும் பழைய பிரஷ்ஷால் தேய்த்து, கறுத்துப்போன ஒயர் முனை லக் ரெண்டையும் வெட்டிவிட்டுப் புதுசு அடிக்க வேண்டியிருந்தது. அங்கே ஒயர் மாற்றுவதாக இருந்தால் வீட்டு ஒயரிங்குக்குப் போடுகிற பி.வி.சி ஒயர் வேண்டாம். அதன் தாங்குசக்தி 70 டிகிரி, பாய்லர் பக்கத்தில் உருகிவிடும். சிலிகான் ஒயரோ கண்ணாடி நார் உறை போட்ட ஒயரோதான் போட வேண்டும்.

அதற்கப்புறம் மெயின் இறங்கவில்லை.

பார்சலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாலு ஓ-ரிங் 160, குரூப் கேஸ்கெட் ரெண்டு 440, ஷவர் ஸ்க்ரீன் 650, கூரியர் 90, ஆக 1,340. ஜி.எஸ்.டி எல்லாம் சேர்த்துச் சொன்ன விலை, பின்னால் ஒன்றும் ஏறவில்லை. கேஸ்கெட் கேட்டபோது பழசை வெர்னியரால் அளந்து சொல்லச் சொன்னார்கள், ஏனென்றால் இ61-ல் 8 மில்லிமீட்டரும் உண்டு, 8.5-ம் உண்டு. கைப்பிடியை மாட்டினால் அது மெஷினுக்கு நேர் முன்னால், நமக்கு எதிரே வந்து நிற்க வேண்டும். வலது பக்கம் தாண்டிப் போனால் கேஸ்கெட் தேய்ந்திருக்கிறது என்று பொருள். புது 8 போட்டும் தாண்டினால் கைப்பிடியின் காதுகளே (குரூப்பில் பூட்டுகிற முனைகள்) தேய்ந்திருக்கின்றன, அப்போதுதான் 8.5. புது மெஷினுக்கு எடுத்த எடுப்பில் 8.5 போட்டால் கைப்பிடி பூட்டவே பூட்டாது. கேஸ்கெட்டின் ஒரு ஓரம் சாய்வாகச் செதுக்கியிருக்கும், அந்தப் பக்கம் மேலே போக வேண்டும், தட்டையான பக்கம் கைப்பிடியைப் பார்த்து இருக்க வேண்டும். இதையும் கவரில் ஒரு அம்புக்குறி போட்டு எழுதியிருந்தார்கள். செம்பு வாஷரும் கேட்டதற்கு, ‘அது உங்க ஊரு ஹார்டுவேர் கடையிலயே கிடைக்குங்க, அதுக்கு எதுக்கு எங்களுக்குக் காசு குடுத்துக்கிட்டு?’ என்று பில்லிலிருந்தே எடுத்துவிட்டார் அந்த அம்மணி. பிரஷர்ஸ்டாட் பழசாகத் தெரிகிறதே, அதையும் மாற்றிவிடலாமா என்று கேட்டால், ‘முள்ளு 1-க்கும் 1.2-க்கும் நடுவுல ஏறி இறங்குதுன்னா அது பாட்டுக்கு ஓடட்டும். 1.4-ஐத் தொட்டுச்சுன்னா அன்னைக்கு போன் பண்ணுங்க’ என்றார்.

ஓ-ரிங் ஏன் இவ்வளவு சீக்கிரம் போனது என்ற கேள்விக்குத் தண்ணிதான் பதில். சிறுவாணித் தண்ணி வருகிற கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இந்தத் தொல்லை கம்மி, அது மென்னீர். பல்லடம், காங்கேயம், திருப்பூர்ப் பக்கத்துப் போர்வெல் தண்ணியை நேராக விட்டால் பாய்லர் சுண்ணாம்புக் காளவாய்தான். சரி, ஆர்.ஓ தண்ணி ஊற்றினால் தீர்ந்தது என்று நினைத்தால் அதிலும் ஒரு வில்லங்கம். பாய்லருக்குள் ஒரு கம்பி தொங்கும். அது தண்ணியைத் தொட்டுக் கரண்ட் ஓடினால்தான் தண்ணி இருக்கிறது என்று கண்ட்ரோல் பாக்ஸுக்குத் தெரியும். டி.டி.எஸ் (தண்ணியில் கரைந்திருக்கிற உப்பின் அளவு) ரொம்பக் குறைந்த தண்ணியில் கரண்ட் சரியாக ஓடாது, பாக்ஸ் தண்ணி இல்லை என்று நினைத்துப் பம்பை ஓட்டிக்கொண்டே இருக்கும். பாய்லர் நிரம்பி ஸ்டீம் குழாயில் ஆவிக்குப் பதில் வெந்நீர் கொட்டும். அதோடு, சுத்தமாக உப்பில்லாத தண்ணி செம்பையும் பித்தளையையும் மெல்ல அரிக்கும், காப்பியும் சப்பென்றிருக்கும். ஆர்.ஓ தண்ணியோடு குழாயில் வருகிற நல்ல தண்ணியைக் கலந்து டி.டி.எஸ் 100-லிருந்து 150-க்குள் வைத்துக்கொள்வதுதான் தோது. போர்வெல் தண்ணியைக் கலக்க வேண்டாம், அதில் இருக்கிற குளோரைடு எவர்சில்வரையே குத்திக் குத்தி ஓட்டை போடும். டி.டி.எஸ் பேனா எல்லா உப்பையும் கூட்டித்தான் காட்டும், சுண்ணாம்பு எவ்வளவு என்று சொல்லாது. அதற்கு வாஸ்து மீன் விற்கிற கடைகளில் ஜி.எச் (மொத்தக் கடினத்தன்மை), கே.எச் (கார்பனேட் கடினத்தன்மை) என்று சொட்டு மருந்து கிட் கிடைக்கும். வழக்கமான கிட்டில் 5 மில்லி தண்ணியில் ஒரு சொட்டுக்கு ஒரு டிகிரி, அதாவது லிட்டருக்குச் சுமார் 18 மில்லிகிராம். நிறம் மாற மூணு நாலு சொட்டு ஆனால் நல்லது, எட்டு பத்து ஆனால் அந்தத் தண்ணி மெஷினுக்கு வேண்டாம்.

ஏற்கெனவே கனமாகச் சுண்ணாம்பு பிடித்த மெஷினில் எலுமிச்சை உப்பை ஊற்றி நாமே டீஸ்கேல் பண்ணுவதை இந்தக் கடைக்காரர்கள் கண்டிப்பாக வேண்டாம் என்கிறார்கள். அவர்கள் டீஸ்கேல் பவுடரும் விற்கிறார்கள் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். காரணம் இருக்கிறது. சுண்ணாம்பு ஒழுங்காகக் கரையாது, பொறுக்குப் பொறுக்காகப் பெயரும். குரூப்புக்குத் தண்ணி போகிற வழியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு துவாரம் இருக்கிறது. ஒரு பொறுக்கு அங்கே போய் உட்கார்ந்தால் காப்பி வருவது நின்றுவிடும். கனமாகப் பிடித்திருந்தால் பாய்லரைத் திறந்து சுத்தம் செய்கிறவரிடம்தான் கொடுக்க வேண்டும். லேசாக இருந்தால் மட்டும் லிட்டருக்கு 20 கிராம் அளவில் ஊற்றி, அப்புறம் மூணு நாலு தடவை நல்ல தண்ணியில் அலசலாம்.

இந்த மாதிரிக் கடைக்குப் போன் பண்ணுகிறவர்கள் கையில் இவற்றை வைத்துக்கொண்டு பண்ணினால் ரெண்டு பேருக்கும் நேரம் மிச்சம். மெஷினின் பின்னாலோ அடியிலோ ஒட்டியிருக்கிற தகட்டின் ஃபோட்டோ, அதில் மாடல், வோல்ட், வாட் மூணும் தெரிய வேண்டும். கோளாறு எப்போது வருகிறது, ஆன் பண்ணின உடனேயா, சூடான பிறகா, காப்பி இறக்கும்போதா, ஸ்டீம் திறக்கும்போதா. சத்தத்தோடு ஒரு வீடியோ. என்ன தண்ணி ஊற்றுகிறீர்கள், டி.டி.எஸ் எவ்வளவு. பம்ப் என்றால் அதன் ஸ்டிக்கர் ஃபோட்டோ. உல்கா இ.பி.5 பம்ப் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸும் உண்டு, அமெரிக்காவுக்கான 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸும் உண்டு. ஆன்லைனில் விலை குறைவாக இருக்கிறதே என்று 120-ஐ வாங்கி நம் கரண்டில் போட்டால் காயில் கருகிவிடும். அதோடு, ரெண்டு நிமிஷம் ஓடினால் ஒரு நிமிஷம் ஓய்வு என்று ஸ்டிக்கரிலேயே போட்டிருக்கும். டேங்கில் தண்ணி தீர்ந்ததைக் கவனிக்காமல் ஓடவிட்டால் புதுப் பம்பும் நிலைக்காது.

ஒன்று சொல்லியாக வேண்டும். இவர்களிடம் அரை மணி நேரம் பேசிக் கோளாறைக் கண்டுபிடித்துக்கொண்டு, ஐம்பது ரூபாய் குறைவு என்று பார்ட்டை வேறு எங்கோ ஆர்டர் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அண்ணனே சிரித்துக்கொண்டு சொன்னதுதான். ஓ-ரிங் 40 ரூபாய் என்பது ரப்பருக்கு மட்டுமான விலையில்லை. நாலு பேர் இப்படிச் செய்தால் அடுத்த தடவை போன் எடுக்க அங்கே ஆள் இருக்காது, மறுபடியும் டிக்கெட் போட்டிருக்கோம் சார்தான்.

குறையும் உண்டு. கேப்ஸ்யூல் மெஷின், பட்டன் அமுக்கினால் பாலும் சேர்ந்து வருகிற ஆட்டோமேட்டிக் மெஷின் இவற்றுக்கு அவர்களிடம் ஒன்றும் கிடைக்காது. வெளியூருக்கு வந்து பார்க்க மாட்டார்கள், மெஷினை நாம்தான் கொண்டுபோக வேண்டும். மத்தியானம் மெசேஜ் போட்டால் சாயந்தரம்தான் பதில். கண்ட்ரோல் பாக்ஸ் மாதிரி எலக்ட்ரானிக் சாமான் கையிருப்பு குறைவு, வரவழைத்துத்தான் தருவார்கள். திருப்பி எடுத்துக்கொள்வது என்றால் கவர் பிரிக்காத ரப்பர் சாமானை மட்டும்தான்.

கடை நடத்துகிறவர்கள் ஒரு டப்பாவில் வைத்திருக்க வேண்டியது அதிகமில்லை. குரூப் கேஸ்கெட் ரெண்டு, வேக்யூம் வால்வு ஓ-ரிங் நாலு, ஸ்டீம் குழாய் முனைக்குச் சின்ன ஓ-ரிங் நாலைந்து, கைப்பிடிக்குள் போடுகிற ஓட்டையில்லாத பேஸ்கெட் ஒன்று, பேக்ஃபிளஷ் (தண்ணியைப் பின்னோக்கி விட்டுக் குரூப்பைக் கழுவுவது) பவுடர், உணவுத் தரச் சிலிகான் கிரீஸ் ஒரு சின்ன டியூப். கடை மூடும்போது தினமும் பேக்ஃபிளஷ் பண்ண வேண்டும். பத்து வினாடி லிவரைத் தூக்கி, பத்து வினாடி இறக்கி, அஞ்சு தடவை, முதலில் அரை ஸ்பூன் பவுடரோடு, அப்புறம் வெறும் தண்ணியில். இ61-ல் பவுடர் போட்டுக் கழுவக் கழுவ லிவருக்குள் இருக்கிற கிரீஸும் போய்விடும். லிவர் கிறீச்சென்று இறுகினால் கழற்றி, லிவரோடு சுற்றுகிற கேம் மேலே பட்டாணி அளவு கிரீஸ் தடவ வேண்டும். அவர்களுக்கு ஞாயிறு லீவு, சனிக்கிழமை மத்தியானத்துக்குள் சொன்னால்தான் அன்றைய கூரியரில் ஏறும். தீபாவளி, பொங்கலுக்கு முந்தின வாரம் திருப்பூர்ப் பக்கத்துக் கூரியர்களெல்லாம் பனியன் பார்சலில் அமுங்கிக் கிடக்கும், கேஸ்கெட் வேண்டியவர்கள் அதற்கு முன்னாலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.